பயணப்படி மட்டும்: அமெரிக்க முதியோருக்கான இலவச வரி உதவியும் அதன் பின்னுள்ள மானியமும்

1978 நவம்பர் 6ஆம் தேதி அன்றைய அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட வருவாய்ச் சட்டம் இன்று பெரும்பாலும் ஒரே காரணத்துக்காகத்தான் நினைவுகூரப்படுகிறது. அமெரிக்கத் தொழிலாளர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பை அடியோடு மாற்றிய 401(கே) திட்டம் அந்தச் சட்டத்தின் ஒரு சிறு பிரிவிலிருந்து பிறந்தது. நிறுவனம் மாதந்தோறும் தரும் ஓய்வூதியம் மெல்ல மறைந்தது. தொழிலாளியே சேர்த்து, தொழிலாளியே முதலீடு செய்து, முதுமையில் அவரே கணக்குப் பார்த்து எடுத்துக்கொள்ளும் காலம் வந்தது. அதே சட்டத்தில் 163 என்று எண்ணிட்ட இன்னொரு பிரிவும் இருக்கிறது. அறுபது வயதானவர்களுக்கு வருமான வரி ஆலோசனையை இலவசமாகத் தர, லாப நோக்கற்ற அமைப்புகளோடு வரித் துறை ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்கிறது அது. ஒரு பிரிவு முதுமையின் கணக்கைச் சிக்கலாக்கியது. இன்னொரு பிரிவு அந்தக் கணக்கைப் பார்த்துக் கொடுக்க ஆள் தேடியது. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை என்றாலும், அமெரிக்காவில் முதியோருக்கான வரி உதவியின் வரலாறு இந்த இரண்டு பிரிவுகளுக்கும் இடையில்தான் நடந்து வந்திருக்கிறது.

163ஆம் பிரிவின் வாசகம் சிக்கனமானது. தன்னார்வலர்களுக்கு அரசு பயிற்சி தரும். பயிற்சிக்கும் பணிக்கும் வந்துபோகும் பயணச் செலவு, சாப்பாட்டுச் செலவு, மற்ற கைச்செலவு ஆகியவற்றை அமைப்பின் வழியாகத் திருப்பித் தரும். சம்பளம் என்ற பேச்சே இல்லை. தன்னார்வலர் அரசு ஊழியர் ஆகமாட்டார். ஆனால் தன்னிடம் காகிதங்களை நீட்டியவரின் ரகசியத்தை வெளியே விட்டால், அரசு ஊழியருக்குரிய குற்றவியல் பிரிவு அவர்மீதும் பாயும். இதற்காக 1979 நிதியாண்டில் 25 லட்சம் டாலர், 1980இல் 35 லட்சம் டாலர் வரை ஒதுக்கலாம் என்று சட்டம் அனுமதித்தது. 'முதியோர் வரி ஆலோசனை' என்ற பெயரில், டி.சி.இ. என்ற சுருக்கத்தில், அந்தத் திட்டம் இன்றுவரை நடக்கிறது.

2020, 2021, 2022 நிதியாண்டுகளில் இதற்கென ஒதுக்கப்பட்ட தொகை ஆண்டுக்கு 1.1 கோடி டாலர். அமெரிக்க அரசின் வரவு செலவில் இது கண்ணுக்கே தெரியாத எண். இந்தச் சிறு தொகை உண்மையில் எதை வாங்குகிறது, எதை வாங்கத் தவறுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விசாரணை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது ஓர் அரிய, நல்ல மானியம், அதே நேரம், அரசு தானே உண்டாக்கிய சிக்கலைத் தானே அவிழ்க்காமல் காலம் கடத்த உதவும் மானியமும் இதுவே.

நான்கு பேரிலிருந்து

சட்டம் வருவதற்குப் பத்தாண்டு முன்பே வேலை தொடங்கிவிட்டது. ஓய்வுபெற்ற உயர்நிலைப்பள்ளி முதல்வர் எத்தல் பெர்சி ஆண்ட்ரஸ் 1947இல் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கென ஒரு சங்கமும், 1958இல் ஓய்வுபெற்ற அனைவருக்குமான ஏ.ஏ.ஆர்.பி. சங்கமும் நிறுவினார். அவர் மறைந்த அடுத்த ஆண்டு, 1968இல், அந்தச் சங்கம் நான்கே தன்னார்வலர்களை வைத்து ஓரிடத்தில் 'டாக்ஸ்-எய்ட்' என்ற வரி உதவியைத் தொடங்கியது. பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளில் அது சுமார் 5,000 இடங்களில், 35,000 தன்னார்வலர்களோடு, ஆண்டுக்கு 25 லட்சம் பேருக்கு உதவும் அமைப்பாக வளர்ந்திருந்தது. டி.சி.இ. மானியத்தின் மிகப் பெரிய பங்கைப் பெறுவது இதுதான். உதவி பெற உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. வருமான உச்சவரம்பும் கிடையாது.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு திட்டமும் உண்டு. 1969 வாக்கில் தொடங்கிய 'வீட்டா' என்ற தன்னார்வ வரி உதவி குறைந்த வருமானக்காரர், மாற்றுத்திறனாளர், ஆங்கிலம் நன்கு வராதவர் ஆகியோருக்கானது. அதற்கு மானியம் கிடைத்தது மிகவும் தாமதமாக, 2008 நிதியாண்டின் 80 லட்சம் டாலரில்தான். 2019 ஜூலையில் வந்த 'வரிசெலுத்துவோர் முதலில்' சட்டம்தான் அந்த மானியத்தை நிரந்தரமாக்கியது. இரண்டுக்கும் நடுவே ஒரு வேறுபாடு முக்கியமானது. வீட்டா மானியத்தில் அரசு ஒரு டாலர் தந்தால் அமைப்பும் ஒரு டாலருக்கு ஈடான பங்கைக் காட்ட வேண்டும். முதியோர் மானியத்தில் அந்த நிபந்தனை இல்லை. ஆகவே பெரிய நன்கொடையாளர் யாருமில்லாத ஒரு சிற்றூர் முதியோர் மையமும் இதற்கு விண்ணப்பிக்க முடிகிறது.

கூலி கொடுத்துப் படிவம் போட்டால் என்ன செலவாகும்? அமெரிக்கக் கணக்காளர்களின் தேசிய சங்கம் 2020-21இல் எடுத்த கணக்கெடுப்பில், எளிய மத்தியப் படிவமும் மாநிலப் படிவமும் சேர்த்துச் சராசரிக் கட்டணம் சுமார் 220 டாலர். டாக்ஸ்-எய்ட் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட படிவங்களைத் தாக்கல் செய்கிறது. பத்து லட்சம் என்றே வைத்துக்கொண்டாலும் முதியோரின் பையில் தங்கும் தொகை 22 கோடி டாலர். மொத்த மானியத்தைப் போல இருபது மடங்கு. இந்தப் பெருக்கத்தைச் செய்வது பணம் மட்டும் என்று எண்ணினால் தவறு. டாக்ஸ்-எய்டுக்குச் சங்கத்தின் சொந்த நிதியும் நன்கொடைகளும் சேர்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓய்வுபெற்ற பொறியாளர்களும் ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் குளிர்காலம் முழுக்கத் தங்கள் நேரத்தைத் தருகிறார்கள். மானியம் அவர்களுடைய உழைப்பை வாங்கவில்லை. அவர்கள் சொந்தக் காசை இழக்காமல் உழைக்க வழிசெய்கிறது. நாற்பது மைல் காரோட்டி வரும் எழுபது வயதுக்காரருக்கு பெட்ரோல் செலவு கைக்கு வருமா வராதா என்பதே, ஒரு மலைக்கிராம நூலகத்தில் வியாழக்கிழமைதோறும் வரி உதவி மேசை போடப்படுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

மேசையின் இரு பக்கம்

பிப்ரவரி முதல் ஏப்ரல் 15 வரை பொது நூலகங்கள், முதியோர் மையங்கள், தேவாலயக் கூடங்களில் இந்த மேசைகள் போடப்படுகின்றன. எதிரே உட்காரும் தன்னார்வலர் விருப்பப்பட்டு வந்தவர் என்றாலும் பரீட்சை எழுதாமல் வந்தவர் இல்லை. ஐ.ஆர்.எஸ். என்று எல்லாரும் சொல்லும் வரித் துறையின் பாடங்களைக் குளிர்காலத் தொடக்கத்தில் படித்து, ஆண்டுதோறும் தேர்வில் 80 விழுக்காடாவது எடுக்க வேண்டும். கட்டணம் வாங்கக் கூடாது, நன்கொடை கேட்கக் கூடாது, இங்கே சந்தித்தவரைச் சொந்தத் தொழிலுக்கு வாடிக்கையாளராக இழுக்கக் கூடாது என்ற நடத்தை விதிகளை ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். வந்தவரிடம் முதலில் 13614-சி என்ற கேள்விப் படிவத்தை நிரப்பச் சொல்லி, அதை வரிக்கு வரி அவரோடு பேசி உறுதிப்படுத்த வேண்டும். பிறகு கணினியில் ஏற்ற வேண்டும். முடித்ததும் இன்னொரு தன்னார்வலர் முழுப் படிவத்தையும் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும்.

இந்த ஒழுங்கு தொடக்கத்திலிருந்தே இருந்ததில்லை, அவமானப்பட்டு வந்தது. ஐ.ஆர்.எஸ்.ஸைக் கண்காணிக்கும் கருவூலத் துறைத் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2004இல் தன் ஆட்களைச் சாதாரண மக்கள்போல் தன்னார்வ மையங்களுக்கு அனுப்பியது. அவர்களுக்குப் போட்டுத் தரப்பட்ட 35 படிவங்களில் ஒன்றுகூடச் சரியாக இல்லை. அதற்குப் பிறகுதான் கேள்விப் படிவமும் இரண்டாம் நபர் சரிபார்ப்பும் கட்டாயமாயின. மையங்களுக்கான தர விதிகள் வகுக்கப்பட்டன. பின்னாளில் ஐ.ஆர்.எஸ். தானே நடத்திய மறுஆய்வுகளில் துல்லியம் 90 விழுக்காட்டைத் தாண்டியது. ஆய்வாளர் அலுவலகத்தின் மாறுவேடச் சோதனைகளில் வந்த விகிதம் அதைவிடக் குறைவு. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அதோடு இன்னொன்றையும் படிக்க வேண்டும். அரசுக் கணக்குத் தணிக்கை அலுவலகம் 2014இல் கட்டணம் வாங்கும் 19 வரி நிறுவனக் கிளைகளுக்கு இதேபோல் ஆள் அனுப்பியபோது 17 இடங்களில் திரும்பப் பெறும் தொகை தவறாகக் கணக்கிடப்பட்டிருந்தது. கட்டணத்துக்குப் படிவம் போடுவோருக்குத் தேர்வு வைக்க ஐ.ஆர்.எஸ். 2011இல் முயன்றது. அந்த அதிகாரம் அதற்கு இல்லை என்று நீதிமன்றம் 2013இல் தடுத்தது. 2014 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. ஆரகன், கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் மட்டும் சொந்தமாக விதி வைத்திருக்கின்றன. விளைவாக, நாட்டின் பெரும்பகுதியில் நூலகத்தில் இலவசமாக உட்கார்ந்திருப்பவர் ஆண்டுதோறும் பரீட்சை எழுதுகிறார். கடைத்தெருவில் பலகை மாட்டிக் காசு வாங்குபவர் எதுவும் எழுத வேண்டியதில்லை. முதியோர் மானியத்தின் மதிப்பு இங்கேதான் எனக்கு முழுமையாகப் புலப்படுகிறது. இலவசம் என்பதைவிட, அரசு பொறுப்பேற்று நடத்தும் கட்டாயத் தேர்வு இந்தத் தன்னார்வலர்களுக்கு இருக்கிறது என்பது பெரிய விஷயம்.

மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருப்பவரின் கணக்கைப் பார்ப்போம். கணவரை இழந்த எழுபது வயதுப் பெண் ஒருவர் என்று கொள்ளுங்கள். சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியமாக ஆண்டுக்கு 20,000 டாலர் வருகிறது. கணவரின் நிறுவனத்திலிருந்து 18,000 டாலர் ஓய்வூதியம். சமூகப் பாதுகாப்புத் தொகைக்கு வரி உண்டா? உண்டு, இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. மற்ற வருமானத்தோடு அந்தத் தொகையில் பாதியைக் கூட்ட வேண்டும்: 28,000. தனி நபருக்கான வரம்பு 25,000. மிகுதி 3,000, அதில் பாதி, 1,500 டாலர், வரிக்குரியது. 2024ஆம் ஆண்டுக்குரிய கழிவு போக அவர் கட்ட வேண்டியது ஏறக்குறைய 295 டாலர்.

அதே ஆண்டில் கூரை ஒழுகுகிறது. ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கிலிருந்து 10,000 டாலர் எடுக்கிறார். அந்தப் பத்தாயிரம் தனியாக வரிக்கு வருவதோடு நிற்பதில்லை. இரண்டாவது வரம்பான 34,000ஐயும் அவரைத் தாண்டவைத்து, சமூகப் பாதுகாப்புத் தொகையில் வரிக்குரிய பகுதியை 1,500இலிருந்து 7,900 ஆக உயர்த்துகிறது. வரி சுமார் 2,090 டாலர். எடுத்தது பத்தாயிரம், கூடிய வரி ஏறத்தாழ 1,800. அவர் இருப்பதோ 12 விழுக்காடு வரிப் படியில். அந்தப் பத்தாயிரத்துக்கு அவர் உண்மையில் கட்டியது 18 விழுக்காடு. ஜனவரியில் பாதியும் அடுத்த ஜனவரியில் பாதியும் எடுத்திருந்தால் சுமை குறைந்திருக்கும். இதை யார் அவருக்குச் சொல்வது? வங்கி சொல்வதில்லை. ஐ.ஆர்.எஸ். கடிதம் பிறகுதான் வரும்.

இந்த 25,000 டாலர் வரம்பு 1983 திருத்தத்தில் எழுதப்பட்டு 1984இல் நடைமுறைக்கு வந்தது. 34,000 வரம்பு 1993இல் வந்தது. விலைவாசியோடு சேர்ந்து உயரும் ஏற்பாடு இரண்டுக்கும் இல்லை. வருமான வரியின் பல வரம்புகள் ஆண்டுதோறும் விலைவாசியைத் தொடர்ந்து ஏறுகின்றன. இவையோ நின்ற இடத்திலேயே நிற்கின்றன. 1984இன் 25,000 டாலர் இன்றைய விலையில் 75,000 டாலருக்கு மேல். அன்று ஓய்வூதியம் பெறுவோரில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவரே இந்த வரிக்குள் வந்தார்கள். இன்று ஏறக்குறைய பாதிப்பேர். ஒரு வரம்பை நாடாளுமன்றமான காங்கிரஸ் நாற்பது ஆண்டு தொடாமல் விட்டதால், லட்சக்கணக்கான முதியோர் புதிதாகக் கணக்குப் பார்க்க வேண்டியவர்கள் ஆனார்கள். அந்தக் கணக்கைப் பார்க்கத்தான் அதே காங்கிரஸ் தன்னார்வலருக்குப் பயணப்படி தருகிறது.

இது ஒன்றே என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஓய்வுக் கணக்கிலிருந்து கட்டாயமாகப் பணம் எடுக்கத் தொடங்க வேண்டிய வயது எழுபதரை என்று இருந்தது. 2019 சட்டம் அதை 72 ஆக்கியது. அடுத்த சட்டம் 2023 முதல் 73 ஆக்கியது. 2033இல் 75 ஆகும். எடுக்க மறந்தால் எடுக்காத தொகையில் பாதியை அபராதமாகக் கேட்ட விதி இப்போது 25 விழுக்காடாகவும், விரைவில் திருத்திக்கொண்டால் 10 ஆகவும் குறைந்திருக்கிறது. 2025 ஜூலையில் வந்த சட்டம் 65 வயதானவர்களுக்கு 6,000 டாலர் கூடுதல் கழிவு தந்தது. அதுவும் 2028 வரைதான். தனி நபர் வருமானம் 75,000ஐத் தாண்டினால் படிப்படியாகக் கரையும். முதியோருக்கு நல்லது செய்ய நினைக்கும் ஒவ்வொரு சட்டமும் படிவத்தில் ஒரு வரியைக் கூட்டுகிறது. அந்தக் கழிவுக்குப் பதிலாக 1984 வரம்பை விலைவாசியோடு கட்டியிருந்தால் எத்தனையோ பேர் வரிக்கே வந்திருக்கமாட்டார்கள், மேசையைத் தேடியும் வந்திருக்கமாட்டார்கள். பணம் கொடுப்பது எளிது, எண்ணைத் திருத்துவது கடினம் என்றாகிவிட்டது.

எதை எண்ணுகிறோம்

மானியம் கேட்கும் அமைப்பு மே மாத வாக்கில் விண்ணப்பிக்கிறது. எத்தனை பேருக்குப் படிவம் தாக்கல் செய்வோம் என்ற இலக்கை அதில் சொல்ல வேண்டும். பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்பதில் குறையில்லை. ஆனால் படிவத்தின் எண்ணிக்கை மட்டும் வேலையின் அளவாகும்போது, எண்ணிக்கைக்குள் வராத வேலை மெல்ல உதிர்ந்துபோகும். நகரத்து மையத்தில் ஒரு காலைப்பொழுதில் எட்டுப் படிவம் முடியும். மலைப்பகுதியில், படுக்கையிலிருக்கும் ஒருவரின் வீட்டுக்குப் போனால் ஒன்றுதான் முடியும். அந்த ஒன்றுக்கான தேவை எட்டைவிடக் குறைந்ததா?

வரி கட்டவே தேவையில்லாத முதியோரின் நிலை இன்னும் கவலைக்குரியது. வருமானம் வரம்புக்குக் கீழே இருப்பதால் படிவம் போட வேண்டாம் என்று அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 65 வயதானவர்களுக்கு, வருமானத்தோடு ஒப்பிட வீட்டுவரியோ வாடகையோ அதிகமாக இருந்தால், மாநில வரிப் படிவம் வழியாக ஒரு தொகை கைக்குத் திரும்ப வரும். கட்டிய வரி பூஜ்யம் என்றாலும் வரும். மிச்சிகனிலும் வீட்டுவரிக்கு இப்படி ஒரு வரவு உண்டு. கேட்காதவருக்குக் கிடைக்காது. ஓய்வூதியத்தில் முன்கூட்டியே பிடித்த வரியைத் திரும்பப் பெறவும் மூன்று ஆண்டுக்குள் படிவம் போட வேண்டும். ஆகவே இந்த மானியம் சேவை செய்ய வேண்டிய முதல் ஆள், மேசைக்கு வரத் தெரியாதவர்தான். அவரைத் தேடிப்போய்ச் சொல்லும் வேலைக்கு எண்ணிக்கையில் இடமில்லை.

பணம் வரும் காலமும் தொல்லை. நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. அதற்குள் காங்கிரஸ் ஒதுக்கீட்டை முடிக்கும் ஆண்டு அரிது. 2018 டிசம்பரில் தொடங்கிய 35 நாள் அரசு முடக்கம் ஜனவரி 25 அன்று முடிந்தது. வரித் தாக்கல் தொடங்கியது ஜனவரி 28. இடம் பிடித்து, கணினி வாங்கி, பயிற்சி முடித்திருக்க வேண்டிய மாதங்கள் எல்லாம் பணம் வருமா என்ற நிச்சயமின்மையில் கழியும். பெரிய சங்கம் தன் கையிருப்பைக் கொண்டு சமாளிக்கும். சிறிய அமைப்பு அந்த ஆண்டு ஒரு மையத்தை மூடும்.

2020 மார்ச்சில் எல்லா மையங்களும் ஒரே வாரத்தில் மூடின. தாக்கலுக்கான கடைசி நாள் ஜூலை 15க்குத் தள்ளிப்போனது. எதிரெதிரே உட்கார்ந்து செய்யும் வேலையில் இரு பக்கத்திலும் இருந்தவர்கள் தொற்றுக்கு எளிதில் இரையாகும் வயதினர். மறு ஆண்டு, காகிதங்களைக் கொடுத்துவிட்டுப் போய், பிறகு வந்து கையெழுத்திடும் முறை பரவியது. அது வேலை தொடர வழி செய்தது. ஆனால் கூரை ஒழுகும் கதை வெளியே வருவது பேச்சில்தான், உறையில் போட்டுக் கொடுத்த காகிதங்களில் இல்லை.

தேவை குறையும் அறிகுறி எதுவும் தெரியவில்லை. 2025இன் முதல் பாதியில் ஐ.ஆர்.எஸ். தன் ஊழியர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தது. அரசே இலவசமாகத் தந்த 'டைரக்ட் ஃபைல்' இணையவழித் தாக்கல் 2024இல் 12 மாநிலங்களிலும் 2025இல் 25 மாநிலங்களிலும் நடந்தபின் நிறுத்தப்பட்டுவிட்டது. தொலைபேசியை எடுக்க ஆளில்லாத துறை, கேள்விகளை நூலக மேசைக்குத்தான் தள்ளும்.

வடக்கே கனடாவில் இதே வேலை 1971 முதல் நடக்கிறது. சமூகத் தன்னார்வ வரித் திட்டம் என்று அதற்குப் பெயர். அங்கே அரை நூற்றாண்டு அமைப்புகளுக்கு மானியமே இல்லை. 2021 வரவு செலவுத் திட்டத்தில்தான் சோதனை முறையில் வந்தது. அந்நாட்டில் விளைவு இன்னும் நேரடியானது. குறைந்த வருமான முதியோருக்கான உத்தரவாத வருமானத் துணைத்தொகை ஆண்டுதோறும் வரிப் படிவத்தைப் பார்த்துத்தான் புதுப்பிக்கப்படுகிறது. படிவம் போடாதவருக்கு மாதப் பணமே நின்றுபோகலாம். டொரன்டோவின் ஸ்கார்பரோவில் வாழும் ஈழத்தமிழ் முதியோருக்கு ஏப்ரல் மாத வரி முகாம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்து விளங்கும். அவர்களிடம் வரியாகக் கட்ட ஒன்றுமில்லை. இருந்தாலும் கட்டத் தேவையில்லை என்று நிரூபித்தாக வேண்டும்.

அமெரிக்காவில் பிள்ளைகளோடு பச்சை அட்டையில் வாழும் தமிழ்ப் பெற்றோரின் நிலை வேறு. நிரந்தர வசிப்புரிமை வந்தவுடன் உலகில் எங்கு வந்த வருமானமும் அமெரிக்க வரிக்கு உட்பட்டது. சென்னை வங்கியின் வைப்புநிதி வட்டி, மாநில அரசு ஓய்வூதியம், மதுரை வீட்டு வாடகை எல்லாம் கணக்கில் வரும். வெளிநாட்டுக் கணக்குகளின் கூட்டுத்தொகை ஆண்டில் ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் தனி அறிக்கை தர வேண்டும். இங்கேதான் இலவச மேசையின் எல்லை தெரிகிறது. வெளிநாட்டுச் சொத்துகளுக்கான 8938 படிவம், இந்தியப் பரஸ்பர நிதிகளுக்கான படிவம், வீட்டு வாடகை வருமானம் ஆகியவை தன்னார்வலர் தொடக் கூடாதவை. "ஸ்கோப்புக்கு வெளியே" என்று அவர்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு காகிதங்களைத் திருப்பித் தருவார்கள். விதி சரியானதே. பயிற்சி பெறாத ஒன்றில் கைவைத்தால் அபராதம் அந்த முதியவருக்குத்தான் வரும். ஆயினும் மேசைக்கு வரும்முன் அந்த எல்லையைச் சொல்லும் ஆள் இருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

எளிய கணக்கு உள்ளவர்களுக்குத் தடை மொழி. ஆங்கிலம் அல்லாத மொழியில் அறிவிப்புகளைப் பெற விரும்புவோர் படிவத்தோடு இணைத்துக் கேட்கும் வசதியை ஐ.ஆர்.எஸ். 2020ஆம் ஆண்டுப் படிவத்திலிருந்து தந்தது. அந்தப் பட்டியலில் 20 மொழிகள்: குஜராத்தி, பஞ்சாபி, வங்காளம், உருது உண்டு. தமிழ் இல்லை. 13614-சியின் கேள்விகளை, மகன் அலுவலகம் போன பிறகு, ஒரு தாயிடம் தமிழில் கேட்டுப் பதில் வாங்க ஒரு தமிழ்த் தன்னார்வலர் இருப்பதே எளிய வழி.

அதற்கு மானியம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. பொதுநல அமைப்பாகப் பதிவுபெற்ற ஒரு தமிழ்ச் சங்கமோ கோயில் அறக்கட்டளையோ ஐ.ஆர்.எஸ்.ஸோடு நேரடியாக உடன்பட்டு ஒரு மையத்தைத் தொடங்கலாம். பாடமும் தாக்கல் மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கும். அல்லது ஏற்கெனவே மானியம் பெறும் பக்கத்து அமைப்பின் மேசையில் தமிழ் பேசும் இருவரை உட்காரவைக்கலாம். நியூஜெர்சியின் எடிசனிலும் டெக்சஸின் டல்லாஸ் புறநகர்களிலும் கணக்கும் கணினியும் கைவந்த ஆட்களுக்குப் பஞ்சமில்லை. தன்னார்வலர்களைச் சேர்ப்பது இலையுதிர்காலத்தில் தொடங்கும். தேர்வு ஜனவரிக்குள் முடிய வேண்டும்.